குரோம் பூசின அரிவாள்

நடக்காத வேண்டுதலுக்கு வாங்கின காணிக்கையை எங்க ஊர் முனியப்பன் தங்கமாத் திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சது ஒரு ஆவணி மாசம். அது எப்படி முடியும், எந்தப் பொஸ்தகத்துல எழுதியிருக்குன்னு கேக்கறவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிக்கலாம், ஊர்லயே யாரும் கேக்கல, எல்லாருக்கும் அதைவிட அவசரமான வேலை இருந்துச்சு. ஊருன்னா கொம்பம்பாளையம், சங்ககிரிக்கும் பவானிக்கும் நடுவுல, கிணறு வெட்டினா பாறையும் போர் போட்டா புழுதியும் வர்ற பூமி. என் பேரு அர்த்தநாரி, லேத்துப் பட்டறை வெச்சிருக்கேன், கூட வெல்டிங்கும் உண்டு, வயசு நாப்பத்தாறு, கல்யாணம் ஆகல, ஏன்னு கேக்காதீங்க, எங்க பக்கம் பொண்ணு அமையாம என்னை மாதிரி வீதிக்கு நாலு பேர் சுத்திக்கிட்டு இருக்காங்க.

எனக்கு நேர் எதிர்ப் பட்டறை சாந்தாமணியோடது. வண்டி சைலன்சர், கதவுக் கைப்பிடி, கல்யாண மண்டபத்து நாற்காலிக் கால், எதைக் கொண்டாந்து குடுத்தாலும் செம்பு, நிக்கல், குரோம்னு மூணு பூச்சுப் பூசி, மூஞ்சி பாக்கற மாதிரி ஆக்கித் திருப்பிக் குடுப்பா, பத்து வருஷம் கேரண்டின்னு சொல்லியும் குடுப்பா. எழுத்துப்படி பாத்தா அது அவ பட்டறை இல்ல. ஷெட்டும் லைசென்சும் அவ புருஷன் கிட்டுசாமி பேருல இருக்கு, அந்தக் கிட்டுசாமி ஒன்பது வருஷத்துக்கு முன்ன ஒரு செவ்வாக்கிழமை, பெங்களூர்ல குரோம் உப்பு மலிவாக் கிடைக்குதாம், பாத்துட்டு வந்தர்றேன்னு பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போனவன்தான், உப்பும் வரல, அவனும் வரல. அவன் போன புதுசுல கரண்டு குடுக்கற ரெக்டிஃபையர் சுவிட்ச் எது, ஃபேன் சுவிட்ச் எதுன்னுகூட இவளுக்குத் தெரியாது. ஆசிட் புகையில இருமி, கை வெந்து, வேலைக்காரனுங்க கிட்ட ஏமாந்து, அழுதுகிட்டே கத்துக்கிட்டா. இன்னைக்குத் தொட்டித் தண்ணியோட நிறத்தைப் பாத்தே உப்புக் கூடிருச்சா கொறஞ்சுருச்சான்னு சொல்லிருவா. வீதியில எல்லாரையும் அண்ணான்னு கூப்பிடறவ என்னை மட்டும் ஏனுங்கன்னு கூப்பிடுவா, பதினோரு மணி டீயை எடுத்துட்டு வீதியைக் கடந்து வந்து என் லேத்து மேலயே வெச்சுட்டு, எண்ணெய் படுதுன்னு நான் கத்தறதைக் காதுலயே போட்டுக்காமப் போவா. அவ மேல எனக்குப் பிரியம். மறைச்சு என்ன பண்ணப் போறேன், வீதிக்கே தெரியும், அவளுக்கும் தெரியும், நாங்க ரெண்டு பேரும் மட்டும் அதைப் பேசிக்கிட்டதில்ல.

அவ பட்டறையில பூச்சுத் தொட்டி மூணு போக ஓரமா நாலாவதா ஒரு தொட்டி உண்டு. ரத்தம் கம்மின்னு ஆசுபத்திரியில குடுக்கறாங்களே இரும்புச் சத்து மாத்திரை, அது பண்ற ஒருத்தன் கலப்படம் இல்லாத இரும்பு வேணும்னு கேட்டு வந்தான், அவனுக்காகப் போட்டது. பச்சையா ஒரு உப்புத் தண்ணி, அதுல பிளஸ் கம்பியில பழைய இரும்பு, மைனஸ் கம்பியில ஒரு தகடு, நடுவுல கரண்டு. பழைய இரும்பு கொஞ்சங் கொஞ்சமாக் கரைஞ்சு தண்ணி வழியா நடந்து போயி எதிர்த்த தகட்டுல சுத்த இரும்பா ஒட்டிக்கும், கரையாத கரியும் அழுக்கும் மண்டியா அடியில இறங்கும். அந்த மண்டி தண்ணியைக் கலக்கிறக்கூடாதுன்னு இரும்பைச் சுத்தி ஒரு துணிப்பை கட்டித் தொங்கவிட்டிருப்பா. வாரம் ஒருதரம் பையை அவுத்து, மண்டியைக் குப்பையில கொட்டிட்டுப் பையை அலசிக் காயப் போடுவா.

பழைய இரும்புக்கு எங்க போறதுன்னு இருந்தப்பதான் கோயில்ல ஏலம் விட்டாங்க. மத்த ஊர்ச் சாமிங்களுக்கெல்லாம் காரியம் முடிஞ்சப்புறம் காணிக்கை, எங்க முனியப்பனுக்கு மட்டும் முன்பணம். ஒரு காலத்துல எங்க பாட்டன் பூட்டனுங்க காரியம் முடிஞ்சதும் கோயில் பக்கமே தலை வெச்சுப் படுக்கலயாம், அதனால சாமி பூசாரி மேல இறங்கி, இனிமே முதல்ல அரிவாளை நடு, அப்புறம் வாயைத் திறன்னு சொல்லிட்டாராம். அன்னையிலிருந்து பேரும் வருஷமும் வெட்டின அரிவாளை நட்டுட்டுத்தான் எதையும் கேக்கணும், கேட்டது கிடைச்சா ஒரு கிடாய் வெட்டி ஊருக்குச் சோறு போடணும். நட்ட அரிவாளெல்லாம் காடா நின்னு துருப்பிடிச்சு, கிடாய் வெட்டக்கூட எடமில்லாமப் போகவே, பழசையெல்லாம் எடைக்குப் போட்டாங்க. சாந்தாமணி எடுத்தா. சாமி இரும்பு மாத்திரையாகி நாலு பொம்பளைங்க ரத்தத்துல சேர்ந்தா நல்லதுதானுங்களேன்னு சொன்னா, பூசாரி சென்னியப்பனும் தலையை ஆட்டினார், அவருக்கு வண்டி நிறுத்த எடம் கிடைச்சாப் போதும்.

முதல் அரிவாள் கரைஞ்சு பையை அவுத்தா, கரிக்குப் பதிலா அரைச்ச மஞ்சளாட்டம் என்னமோ இருந்துச்சு. என்கிட்டக் கொண்டாந்து காட்டினா, நான் பித்தளைன்னேன், அதுல என் மரியாதை கொஞ்சம் போச்சு. நகை ஆசாரி சிற்றம்பலம் அதை உருக்கி உரைகல்லுல தேய்ச்சுப் பாத்துட்டு, கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மறுபடி மாட்டிக்கிட்டு, யாரோட தாலியைக் கரைச்சீங்கன்னு கேட்டார், அவ்வளவு சுத்தம். ரெண்டாவது அரிவாள்ல வெறும் கரி. மூணாவதுல ரெண்டு குந்துமணி அளவுக்குத் தங்கம். நாலாவது மறுபடி கரி.

டீக்கடையில ஒரு வாரம் இதே பேச்சு. நல்லவன் அரிவாள்லதான் தங்கம் வருதுன்னு ஒரு கட்சி கிளம்புச்சு, அது மூணே நாள்ல குப்புற விழுந்துச்சு, ஏன்னா அதுவரைக்கும் வந்ததுலயே ஜாஸ்தி வந்தது நாலு ஊர்ல மாடு திருடின செங்கோடன் அரிவாள்ல. கடைசியில விஷயத்தைப் புடிச்சதும் அந்தச் செங்கோடனேதான். கேஸுல விடுதலை ஆகணும்னு வேண்டித்தான் அதை நட்டேன், மூணு வருஷம் உள்ள போட்டுட்டாங்க, சாமி காரியத்தைச் செய்யல, அதனால கூலியைத் திருப்பிக் குடுக்கறாருன்னான். முதல் அரிவாளுக்குச் சொந்தக்காரர் பழனிவேலைக் கேட்டா, அரசாங்க வேலைக்கு வேண்டினாராம், கிடைக்கல. கரி வந்தவங்களையெல்லாம் கேட்டா, ஒருத்தருக்குப் புள்ள பொறந்திருந்துச்சு, ஒருத்தருக்கு மூலம் கொணமாயிருந்துச்சு. சென்னியப்பன் மேலயும் அந்த வெள்ளிக்கிழமை சாமி வந்து, வேலை செய்யாமக் கூலியை வெச்சுக்கற ஆள் நான் இல்லடான்னு ஒரே அதட்டா அதட்டிட்டு மலை ஏறிருச்சு. தங்கம் கோயிலுக்கா, வேண்டினவனுக்கான்னு கமிட்டி கூடி ரெண்டு நாள் சண்டை போட்டு, வேண்டினவனுக்கேன்னு முடிவாச்சு, கமிட்டியில இருந்த ஏழு பேருக்கும் நடக்காத வேண்டுதல் ஆளுக்கு ரெண்டு இருந்ததால.

அதுக்கப்புறம் ஊரு ஊரா இல்ல. வாழ்க்கையில ஒண்ணும் உருப்படாதவனெல்லாம் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தான், கேட்டதெல்லாம் கிடைச்சவன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டான். தவமிருந்து பெத்த மகன் சோத்துத் தட்டுல உக்காந்தா அப்பன்காரன் அவனை ஒரு மாதிரி மேலயும் கீழயும் பாத்தான். பொண்ணு பாக்க வந்தா மாப்பிள்ளை என்ன வேலைன்னு கேக்கறதை விட்டுட்டு, அவங்க வீட்டுல எத்தனை வேண்டுதல் நடக்காம இருக்குன்னு கேட்டாங்க. நடக்கவே நடக்காததைக் கேக்கணும்னு ஒரு புத்தி வந்து, நான் ராத்திரியோட ராத்திரியா முதலமைச்சர் ஆகணும், என் எருமை இங்கிலீஷ் பேசணும், என் தலையில முடி முளைக்கணும்னு புது அரிவாளா நட்டு, நட்ட அன்னைக்கே புடுங்கி, சாந்தாமணி பட்டறை முன்னால டோக்கன் போட்டு நின்னாங்க. கொல்லுப்பட்டறைக்காரன் சாப்பிட நேரமில்லாம மெலிஞ்சு போனான்.

முனியப்பன் எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பார், அவரும் எங்க ஊர்க்காரர்தானே. திருப்பிக் குடுத்துக் கட்டுபடி ஆகலன்னு பாத்தாரோ என்னமோ, புரட்டாசி பொறந்ததும், பாக்கியிருந்த பழைய வேண்டுதலையெல்லாம் அவசர அவசரமா நிறைவேத்த ஆரம்பிச்சுட்டார்.

பழனிவேலு இன்னொரு அரிவாளும் நட்டிருந்தார், அதுவும் அதே வேலைக்குத்தான். அறுவது முடிய ரெண்டு நாள் இருக்கறப்ப அவருக்கு ஆர்டர் வந்துச்சு, திங்கக்கிழமை வேலையில சேர்ந்தார், புதன்கிழமை மாலை போட்டு ரிட்டயர் பண்ணி அனுப்பிச்சாங்க, கிடாய் வெட்டின செலவு மட்டும் மிச்சம். முத்துக்காளை பதினோரு வருஷத்துக்கு முன்ன ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டு, தண்ணி வேணும்னு அரிவாள் நட்டு, ஒரு சொட்டும் வராமப் போகவே அந்தக் குழிய மூடி மேல வீட்டைக் கட்டிட்டான். இப்ப அவன் சமையக்கட்டுல அடுப்பைத் தூக்கிக்கிட்டு ரெண்டாள் ஒசரத்துக்குத் தண்ணி பீச்சி அடிச்சுது. கல்யாணமான புதுசுல மாமியா என்மேல பிரியமா இருக்கணும்னு வேண்டின சம்பூர்ணத்துக்கு அதைவிட மோசம். இருபத்தியொரு வருஷம் கழிச்சு அந்தம்மா பெரிய மவன் வீட்டுலயிருந்து பெட்டியோட வந்து எறங்கி, எங்கண்ணு எங்கண்ணுன்னு மருமவளுக்குச் சோத்தை ஊட்டி, தலையை வாரி, குளிக்கப் போனாக்கூட வாசல்ல உக்காந்து பாட்டுப் பாடிச்சு. சம்பூர்ணம் தாங்கமுடியாம பஸ் ஏத்தி அனுப்பப் பாத்தா. ஊர்ப் பெரியவங்க விடல. நீ கேட்ட, அவர் குடுத்தார், குடுத்ததை வேண்டாங்கறதுக்கு அவர் என்ன சந்தைக் கடையான்னு சொல்லி, மாமியாளை மறுபடி கூட்டியாந்து விட்டாங்க.

சம்பூர்ணம் சமாச்சாரத்தை நான் டீக்கடையில சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லிட்டு வந்து பாத்தா, சாந்தாமணி டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு என் லேத்துப் பக்கத்துல அப்படியே நின்னுக்கிட்டு இருந்தா. மூஞ்சி வெளுத்துப்போயி இருந்துச்சு. என்னம்மான்னு கேட்டேன்.

"ஏனுங்க, அவரு போன ரெண்டாவது மாசம் நானும் ஒண்ணு நட்டனுங்க. எப்படியாவது திரும்பி வந்தரோணும்னு."

என்னத்துக்கு நட்டான்னு ஒன்பது வருஷத்துல அவ யாருகிட்டயும் சொன்னதில்ல. அன்னைக்கு வேற வழி தெரியாம நட்டாளாம், அப்புறம் பட்டறை கைக்கு வந்ததும் மறந்தே போயிட்டாளாம். கிட்டுசாமி வந்தான்னா நேரா வந்து பட்டறையில இப்ப அவ உக்கார்ற அந்த நாற்காலியில உக்காருவான், ஷெட்டு அவன் பேரு, லைசென்ஸ் அவன் பேரு, மறுபடி இவ தொட்டி கழுவப் போகணும். போய்யான்னு சொல்லவும் முடியாது, பங்காளிங்க கூடி உக்காந்து, நீ கேட்ட, அவர் குடுத்தார்னு இவளையே கிடாய் வெட்டச் சொல்லுவாங்க. என் நெலமையை நான் தனியாச் சொல்ல வேண்டியதில்ல. வழி ஒண்ணுதான் இருந்துச்சு, முனியப்பன் அவனைக் கொண்டாந்து விடறதுக்கு முன்ன அரிவாளைக் கரைச்சுப் பையில தங்கத்தைப் பாத்துடணும். திருப்பி வாங்கிட்டா வேண்டுதல் செல்லாது.

அங்கதான் அவளோட தொழில் அவளுக்கே எமனா நின்னுச்சு. மத்தவங்க அரிவாள் துருப்பிடிச்சுச் சாமி கண்ணுக்கே தெரியாமப் போகுது, நம்மது மட்டும் பளிச்சுன்னு இருந்தா மறக்கமாட்டார்னு நெனச்சு, கத்துக்கிட்ட புதுசுல ஆறடி அரிவாளைக் கோயில்லயிருந்து எடுத்துட்டு வந்து, செம்பு நிக்கல் குரோம்னு மூணு பூச்சும் பூசி, மறுபடி கொண்டுபோயி நட்டுட்டா. அவ முதமுதலா ஒழுங்காப் பூசினது அதுதானாம். அத்தனை துருவுக்கு நடுவுல அது மட்டும் கண்ணாடியா மின்னவே, சென்னியப்பன் அதை எடுத்துச் சாமிக்கு நேர் முன்னால சிமெண்டு வெச்சுப் பதிச்சுட்டார். பொம்பளைங்க அதுல பாத்துத்தான் குங்குமம் வெப்பாங்க, சென்னியப்பன் அதுல பாத்துத்தான் சவரம் பண்ணுவார்.

அரிவாளைக் குடுங்கன்னு கேட்டதும் அவர் தாடையைத் தடவிக்கிட்டு, சாமிகிட்டப் பூக் கேக்காம முடியாதுன்னார். வெள்ளைப் பூவை ஒரு பொட்டணம், செவப்புப் பூவை ஒரு பொட்டணம் கட்டி, காலடியில போட்டு ஒண்ணை எடுக்கறது, வெள்ளை வந்தா சரி, செவப்பு வந்தா மாட்டேன். மூணு தடவை எடுத்தார், மூணும் செவப்பு. வராம என்ன பண்ணும், குடுக்க வேண்டியவர்கிட்டயே போயி குடுக்கறீங்களான்னு கேட்டா அவர் என்ன சொல்லுவார். சாந்தாமணி ஒண்ணும் சண்டைக்கு நிக்கல. பூசாரியைத் தனியாக் கூப்பிட்டு, ஆள் ஒசரத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு பாலிஷ் போட்டுத் தர்றனுங்க, மூஞ்சி மட்டுமில்ல, வேட்டி கட்டினது சரியா இருக்கான்னுகூடப் பாத்துக்கலாம்னா. சாமி மறுத்துட்டார், பூசாரி சம்மதிச்சுட்டார். நான் கேஸ் கட்டரைக் கொண்டுபோயி அடியோட அறுத்து, சீக்கிரம் கரையட்டும்னு நாலு துண்டாக்கிக் குடுத்தேன்.

அன்னைக்கு சாயங்காலமே ஓசூர்லயிருந்து வந்த லாரிக்காரன் ஒருத்தன், உங்கூட்டுக்காரரை அங்க பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், பரோட்டாக் கடையில மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தவரு கையைக்கூடக் கழுவாமக் கிளம்பி வந்துட்டாராம், எங்க போறீங்கன்னா தெரியல, காலு தானாப் போகுதுங்கறாருன்னு சொல்லிட்டுப் போனான்.

நாலு துண்டையும் பச்சைத் தண்ணியில தொங்கவிட்டு ஒரு பகல் பூரா கரண்டு குடுத்தோம், அறுத்த முனையைத் தவிர அசையல. பூச்சு அப்படி. சாந்தாமணி வெளிய எடுத்து ஆசிட்டுல போட்டு குரோமை உரிச்சா, அடியில நிக்கல் இருந்துச்சு, அதை உரிக்க வேற ஆசிட்டு, தலைகீழாக் கரண்டு, ஒன்றரை நாள். நிக்கல் போனா செம்பு. உரிய உரிய அவளுக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் பெருமை. "எங்கியாவது ஒரு ஊசி மொனை எடத்துல நான் ஒழுங்காப் பூசாம விட்டிருக்கறனா பாருங்க"ன்னு துண்டை என் மூஞ்சிக்கு நேரா நீட்டிக் காட்டினா, கண்ணுல தண்ணி நிக்குது. இதுக்கு நடுவுல கிட்டுசாமி தருமபுரி தாண்டிட்டான்னு ஒரு சேதி, தொப்பூர் கணவாயில பஸ் பஞ்சர் ஆகி எறங்கி நடக்கறான்னு ஒரு சேதி. அந்தப் பஞ்சருக்கு நான் யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியாம, சும்மா மேல பாத்து ஒரு கும்பிடு போட்டேன்.

வியாழக்கிழமை விடிஞ்சப்ப வெறும் இரும்பு தெரிஞ்சுது. தொட்டியில போட்டு, பையைக் கட்டி, ரெக்டிஃபையரை முழுசா ஏத்தி விட்டா. இரும்பு கரையறது கண்ணுக்கே தெரிஞ்சுது. ஒன்பது மணிக்கு டப்புன்னு எல்லாம் நின்னுச்சு. மாசத்துல ஒரு நாள் லைன் வேலைக்காகக் காலையில ஒன்பதுலயிருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் கரண்டை நிறுத்துவாங்களே, அது அன்னைக்கு. பேப்பர்ல போட்டிருந்தாங்க, வீதியில எல்லாரும் படிச்சிருந்தோம், ஒருத்தனுக்கும் ஞாபகம் வரல. தொட்டியில இன்னும் முக்காவாசி இரும்பு. எடப்பாடி பஸ்ஸுல கிட்டுசாமி ஜன்னல் சீட்டுல உக்காந்து கடலை தின்னுக்கிட்டு வர்றான்னு சிற்றம்பலம் போன் பண்ணினார்.

சாந்தாமணி தொட்டி விளிம்பைப் புடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டா. போதும் விடுங்க, வர்றது வரட்டும்னு சொன்னா. அவ அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. நாப்பத்தாறு வருஷத்துல எனக்கு நேரத்துக்கு ஒரு புத்தி வந்தது அன்னைக்கு ஒருநாள்தான். காட்டு வேலைக்குப் போறப்ப எடுத்துட்டுப் போற டீசல் வெல்டிங் ஜெனரேட்டர் ஒண்ணு என் பட்டறைப் பின்னால கெடந்துச்சு, அது குடுக்கறதும் ரெக்டிஃபையர் குடுக்கற மாதிரி நேர் கரண்டுதான். தனியாளா இழுத்துட்டு வந்து அவ பட்டறைக்குள்ள நிறுத்தி, ரெண்டு வெல்டிங் கேபிளையும் தொட்டிக் கம்பியில மாட்டி, ஹேண்டிலைச் சுத்தினேன். கரும்புகை கக்கிக்கிட்டு ஓட ஆரம்பிச்சுது. தண்ணி கொதிக்கற மாதிரி சத்தம் போட்டுச்சு. பிளஸ் பக்கத்துக் கிளிப்பு லூசு, விட்டா நழுவும், அதனால ரப்பர் கையுறையைப் போட்டுக்கிட்டு அதை நானே அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவ எந்திரிச்சா. எந்திரிச்சு முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, மூணு துண்டு கரையற வரைக்கும் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கல.

நாலாவது துண்டு உள்ளங்கை அளவுக்கு வந்தப்ப, வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுச்சு.

கிட்டுசாமிக்கு ஒன்பது வருஷத்துல ஒண்ணும் கெட்டுப்போகல, தொப்பை கொஞ்சம் கூடியிருந்துச்சு, விரலிடுக்குல மைதா காஞ்சு ஒட்டியிருந்துச்சு, தோள்ல பை. பின்னால வீதி சனம் பாதி நிக்குது, அவன் பங்காளிங்க ரெண்டு பேர் மாலையே வாங்கிட்டு வந்துட்டாங்க. அவன் என்னமோ காலையில கிளம்பிப் போயி இப்பத் திரும்பி வந்தவனாட்டம் உள்ள வந்தான், பட்டறையைச் சுத்திப் பாத்தான், ஜெனரேட்டரைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சான், நேராப் போயி அந்த நாற்காலியில உக்காந்தான். உக்காந்து ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல போட்டுக்கிட்டு, "சாந்தா, ஒரு டீ சொல்லு"ன்னான்.

சாந்தாமணி வாயைத் திறந்தா. ஒன்பது வருஷமா உள்ள கெடந்து ஊறினதெல்லாம் ஒண்ணா வெளிய வரப் பாத்து, எதை முதல்ல சொல்றதுன்னு தெரியாம அவ மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு, கழுத்து நரம்பு புடைச்சுக்கிட்டு நின்னுச்சு. அவன் சாவகாசமா, "என்ன பாத்துக்கிட்டே நிக்கற, சக்கரை கம்மியா"ன்னு ஆரம்பிச்சவன், அப்படியே நிறுத்திட்டான். தண்ணிக்குள்ள இருந்து சின்னதா ஒரு சத்தம் வந்துச்சு, நான் புடிச்சிருந்த கம்பி லேசாகிருச்சு, அடியில ஒண்ணும் இல்ல, அரிவாளும் அவனை இழுத்துட்டு வந்த வேண்டுதலும் கரைஞ்சு முடிஞ்சுது.

அவன் மேலயும் கீழயும் பாத்தான். வேற யாரோ வீட்டுக்குள்ள நொழஞ்சுட்டவனாட்டம் அவசரமாக் காலை எறக்கிட்டு, நாற்காலியை விட்டு எந்திரிச்சு, பையைத் தோள்ல சரிபண்ணிக்கிட்டான்.

"ஏனுங்கக்கா, பவானிக்குப் பஸ் எங்கீங்க நிக்கும்?"

ஜெனரேட்டரை நான் நிறுத்தினேன். சாந்தாமணி திறந்த வாயை மூடி, வழி கேக்கற யாருக்கும் சொல்ற மாதிரி சொன்னா.

"நேராப் போயி, ரேஷன் கடைகிட்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க. அரைமணிக்கு ஒரு பஸ் வரும்."

ரொம்ப நன்றிங்கக்கான்னு கும்பிட்டுட்டுப் போனான். பங்காளிங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க, வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு நெனச்சு அவனும் திரும்பி ஒருதரம் தேடிட்டு, ரேஷன் கடைகிட்ட சரியா சோத்தாங்கைப் பக்கம் திரும்பிட்டான். அவ பையை அவுத்தா. ஊர்ல யாருக்கும் வராத அளவுக்குக் குமிஞ்சு கெடந்துச்சு. ஒருதரம் பாத்துட்டுத் தரையில வெச்சா, காலால ஓரமாத் தள்ளினா. சந்தோசப்படுவான்னு நான் நெனச்சேன், சிரிச்சுக்கிட்டே கிளிப்பைக் கழட்டினேன். அவ என் பக்கம் திரும்பினா.

"குரோம் உப்பு வாங்கப் போறவன் ஒன்பது வருஷமாய்யா போவான்?"

என்னைப் பாத்துத்தான் கேட்டா. அண்ணாவும் இல்ல, ஏனுங்கவும் இல்ல. மொதல்ல எனக்குப் புரியல. ரெண்டாவது மாசம் வேலைக்காரன் காசைத் தூக்கிட்டு ஓடினப்ப எங்கய்யா போயிருந்த, கை வெந்து சோத்தைப் பெசஞ்சு திங்க முடியாமக் கெடந்தேனே அப்ப எங்க போயிருந்த, உங்கம்மா செத்தப்ப பந்தல் போட்டு மொட்டையடிக்க ஆளில்லாம நின்னேனே, போற வர்றவனெல்லாம் எம்பட கழுத்துல தாலி இருக்கான்னே பாத்துட்டுப் போனானே, ஒரு போன், ஒரே ஒரு போன் பண்ணினா உன் கையா அழுகிப் போயிரும்னு, குரல் ஏற ஏற அவ கேட்டுக்கிட்டே என் பக்கத்துல வந்தா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. திட்ட வேண்டிய ஆளு அக்கான்னு கும்பிட்டுட்டுப் பவானி பஸ்ஸுக்குப் போயிட்டான். இனி உலகத்துல எந்த மூலைக்குப் போயித் திட்டினாலும் அவனுக்கு ஒண்ணும் புரியாது.

"தப்புத்தான்"னேன்.

அவ அழுதுக்கிட்டே மறுபடி ஆரம்பிச்சா. வருஷம் வருஷமா, தீபாவளி தீபாவளியா, ஒண்ணை விடாமக் கேட்டா, ஒவ்வொண்ணுக்கும் நான் தப்புத்தான் தப்புத்தான்னேன். வாசல்ல நின்ன சனம் கொஞ்ச நேரம் பாத்துட்டு, இது நம்ம பாக்கற விஷயமில்லன்னு ஒவ்வொருத்தரா நழுவிட்டாங்க, மாலையை யாரோ கேட்டுல மாட்டிட்டுப் போயிட்டாங்க. கையுறையைக்கூட நான் கழட்டல. அஞ்சு மணிக்குக் கரண்டு வந்து ஃபேன் சுத்த ஆரம்பிச்சப்ப, அவ ஆறாவது வருஷத்துல இருந்தா.